‘ஆல்’ உருபும் இயந்திரத்தின் உத்தேசமும்

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எரிச்சல் வந்தது. இரண்டாம் தடவை எரிச்சலுக்குக் காரணம் புரிந்தது. கவிதை எழுதித்தரும் மென்பொருளுக்கு ‘ஒருவகை உத்தேசம்’ உண்டு என்கிறார். ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய மனிதாபிமான ஜமீன்தார்கள் என்கிறார். இதே நண்பர்தான் கவிஞனின் உத்தேசம் என்று எவராவது வாயைத் திறந்தால் விம்ஸாட், பியர்ட்ஸ்லி என்று இரண்டு பெயர்களைச் சொல்லி வாயடைத்து வந்தவர். கவிஞன் பாக்கெட்டிலிருந்து எடுத்ததை இயந்திரத்தின் கணக்கில் வரவு வைத்திருக்கிறார். இடையில் ஒரு வவுச்சர்கூட இல்லை.

விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் எழுதிய கட்டுரை, கவிஞனுக்கு உத்தேசம் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. கவிதையின் வெற்றி தோல்வியை அளக்க அது அளவுகோல் ஆகாது என்றுதான் சொன்னது. கவிஞனின் கடிதத்தைக் காட்டி, மோசமான கவிதையை நல்ல கவிதையாக்க முடியாது. அவ்வளவே. 1967-இல் பார்த் ஆசிரியனைக் கொன்றது வேறு கதை. அதில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தோடு அவருக்கிருந்த தகராறும் கலந்திருக்கிறது. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘உத்தேசம்’ என்ற சொல்லையே விமர்சனத்திலிருந்து தள்ளிவைத்தோம். தள்ளிவைத்த சொல் கூர் மழுங்கிப்போகும். மழுங்கியதை எடுத்து எதன்மேலும் ஒட்டலாம். நண்பர் செய்திருப்பது அதுதான்.

அவருடைய பெரிய சாட்சி தர்க்கவியலாளர்கள். மென்பொருளின் உத்தேசத்தை அவர்களே சூத்திரமாக எழுதி நிரூபித்துவிட்டார்களாம். இலக்கியக்காரன் மட்டும்தான் இன்னும் தயங்குகிறானாம். எழுதியது உண்மை. என்ன எழுதினார்கள் என்பதில்தான் நண்பர் வழுக்குகிறார். அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைக்கேல் ப்ராட்மன் என்ற ஸ்டான்ஃபோர்ட் தத்துவக்காரர் 1987-இல் உத்தேசம், திட்டம், செயலறிவு ஆகியவை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னால், ஆசையும் நம்பிக்கையும் சேர்ந்தால் உத்தேசம் வந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. தாகம், இங்கே தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை, உடனே கை நீள்கிறது. ப்ராட்மன் இது போதாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போக எனக்கு ஆசை. அன்றைக்கே வீட்டில் படுத்துக் கிடக்கவும் ஆசை. இரண்டு ஆசைகளும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்கும். மதுரைக்குப் போவது என்று தீர்மானித்த பிறகு நிலைமை வேறு. இனி எப்படிப் போவது என்ற கேள்வி என்னைத் துரத்தும். அதோடு ஒத்துப்போகாத காரியங்கள் யோசனைக்கே வராமல் வாசலில் திரும்பிவிடும். ஒரு பஸ் தவறினால் இன்னொன்றைத் தேடுவேன். வழிமுறையைத் தேடவைப்பது, மற்ற உத்தேசங்களை வடிகட்டுவது, காரியம் நடக்கிறதா என்று கண்காணிக்கவைப்பது என்று மூன்று வேலைகள். இந்த மூன்றும் இல்லாதது ஆசை. நன்றாக உடுத்திக்கொண்ட ஆசை.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது? காரணம் தத்துவ ரசனை அல்ல, நேரமின்மை. எல்லாச் சாத்தியங்களையும் ஒவ்வொரு கணமும் புதிதாக எடைபோடும் ரோபோ நடு ஹாலில் நின்றுகொண்டே இருக்கும். தீர்மானித்ததைக் கொஞ்ச நேரமாவது விடாமல் வைத்திருந்தால்தான் அது நகரும். கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் மைக்கேல் ஜார்ஜெஃபும் ஏமி லான்ஸ்கியும் 1987 வாக்கில் இப்படி ஒரு அமைப்பைச் செய்தார்கள். ஃப்ளேக்கி என்ற ரோபோவின்மேலும், விண்வெளி ஓடத்தின் ஒரு பகுதியில் ஏற்படக்கூடிய கோளாறுகளைக் கையாளும் வேலையிலும் அதைச் சோதித்தார்கள்.

ஃபிலிப் கோஹனும் ஹெக்டர் லெவெக்கும் 1990-இல் எழுதிய நீண்ட கட்டுரைதான் நண்பர் குறிப்பிடுவது. அதன் தலைப்பே ஒரு வரையறை: உத்தேசம் என்பது தேர்வும் அதன்மேல் பிடிப்பும். ஒரு விஷயம் இன்னும் நடக்கவில்லை என்று கர்த்தா நம்புகிறது. நடக்கவேண்டும் என்று தேர்ந்திருக்கிறது. நடந்துவிட்டது என்றோ இனி ஒருபோதும் நடக்காது என்றோ நம்பும்வரை அதை விடுவதில்லை. விடாப்பிடி இலக்கு என்று இதைச் சொல்லலாம். (அந்தப் பிடிப்புக்கு ஒரு காரணத்தையும் சேர்த்துக் கட்டலாம், காரணம் போனால் பிடிப்பும் போகும்.) இதன்மேல் ஏறித்தான் உத்தேசம் வருகிறது: ஒரு செயலைச் செய்து முடித்திருப்பதே விடாப்பிடி இலக்காக இருக்கவேண்டும், அதுவும் தான் அதைச் செய்யப்போகிறோம் என்று அறிந்தே செய்ததாக இருக்கவேண்டும். தெரியாமல் கைபட்டு நடந்தால் கணக்கில் சேராது.

அவர்கள் கையாளும் பல் வைத்தியர் உதாரணம் எனக்குப் பிடித்தமானது. பல்லைக் காட்டப் போகிறவனுக்கு வலிக்கும் என்று தெரியும். வலியை அவன் உத்தேசிக்கிறானா? இல்லை. வலிக்காமல் முடிந்துவிட்டால், ‘என்ன டாக்டர், வலிக்கவே இல்லையே’ என்று மறுபடி நாற்காலியில் உட்கார மாட்டான். எதிர்பார்த்தது வேறு, உத்தேசித்தது வேறு. ஆனால் சாத்திய உலகங்களை வைத்துத் தர்க்கம் கட்டும்போது, ஒன்றை உத்தேசித்தால் அதன் எல்லா விளைவுகளையும் உத்தேசித்ததாக ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. அதை அடைக்க அவர்கள் பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறார்கள். முழுதாக அடைபட்டதா என்பது வேறு; முனீந்தர் சிங் 1992-இலேயே அவர்களுடைய கொள்கையைப் பிரித்துப்போட்டு விமர்சித்தார். அங்கே விமர்சனம் என்பது இப்படி நடக்கிறது. நம்மிடத்தில் ஆட்சேபம் சொன்னால் சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள்.

மெல்போர்னில் ஆனந்த் ராவும் ஜார்ஜெஃபும் 1991-இல் நம்பிக்கை, விருப்பம், உத்தேசம் மூன்றையும் தனித்தனியாக நிறுத்தி, கிளைபிரியும் காலத்தின்மேல் தர்க்கம் அமைத்தார்கள். பிடிப்பிலும் மூன்று வகை பிரித்தார்கள். முடிந்தது என்று நம்பும்வரை விடாதது குருட்டுப் பிடிப்பு. முடிந்தது, அல்லது இனி முடியாது என்று தெரிந்தால் விடுவது ஒருமுகப் பிடிப்பு. இலக்காக இருக்கும்வரை மட்டுமே வைத்திருப்பது திறந்த பிடிப்பு. அதே வருஷம் டேவிட் கின்னியும் ஜார்ஜெஃபும் ஒரு சோதனை உலகத்தில் கர்த்தாக்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். உலகம் மெதுவாக மாறும்போது பிடிவாதக்காரன் ஜெயிக்கிறான். வேகமாக மாறும்போது அடிக்கடி நின்று யோசிப்பவன் ஜெயிக்கிறான். 1990-களில் சிட்னி விமான நிலையத்தில் இந்த வழியில் கட்டிய அமைப்பு ஒன்றைச் சோதித்தார்கள். வரும் விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் கர்த்தா. இறங்கும் நேரம் அதன் உத்தேசம். காற்று மாறினால் எப்போது மறுயோசனை செய்வது என்பதே பிரச்சினை.

இத்தனையும் சொல்வது, தர்க்கவியலாளர்கள் இயந்திரத்துக்கு உத்தேசத்தைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை என்று காட்டத்தான். அவர்கள் ஒரு சோதனையை எழுதினார்கள். எதற்கு உத்தேசம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அது எதை விடாமல் இருக்கவேண்டும், எப்போது விடவேண்டும், எதை வடிகட்டவேண்டும் என்று கறாராக எழுதினார்கள். தாங்கள் கட்டிய நிரலுக்கும் தங்கள் சூத்திரத்துக்கும் இடையே இடைவெளி இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. 1996-இல் ராவ் ஒரு புது நிரல்மொழியை முன்வைத்ததே அந்த இடைவெளியைக் குறுக்கத்தான்.

இன்னொன்று. நிரலில் ஓர் இடத்துக்கு ‘உத்தேசம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே உத்தேசம் வந்து உட்காராது. இதைச் சொன்னது இலக்கியக்காரன் அல்ல, ட்ரூ மெக்டர்மட் என்ற செயற்கை அறிவுக்காரர், 1976-இல். தன் துறையைக் கிண்டலடித்து எழுதிய கட்டுரையில் அவர் சொல்லும் வைத்தியம் எளிது. ‘புரிந்துகொள்’ என்று பெயரிட்ட நிரலுக்கு ‘ஜி0034’ என்று பெயர் மாற்று. மாற்றிய பிறகும் அது புரிந்துகொள்கிறது என்று எவரையாவது நம்பவைக்க முடிகிறதா பார். நண்பரின் கட்டுரையில் ‘உத்தேசம்’ வரும் இடங்களிலெல்லாம் ஜி0034 என்று போட்டுப் படித்தேன். வாதம் அப்படியே ஆவியாகிவிடுகிறது.

ஜான் மெக்கார்த்தி 1979-இல் தெர்மோஸ்டாட்டுக்குக்கூட நம்பிக்கை உண்டு என்று எழுதியதை நண்பர் வெற்றிக்கொடிபோல் தூக்கிப்பிடிக்கிறார். மெக்கார்த்தி அப்படிப் பேசலாம் என்றது, அந்தப் பேச்சு இயந்திரத்தைப் புரிந்துகொள்ள உதவும்போது. தெர்மோஸ்டாட்டின் விஷயத்தில் இந்தப் பேச்சே தேவையில்லை, உதாரணம் எளிதாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன் என்பதுதான் அவர் தொனி. கொடியில் பாதித் துணியைக் காணோம்.

இன்றைய மொழி இயந்திரத்துக்கு வருகிறேன். எலிசபெத் ஆன்ஸ்கோம் 1957-இல் உத்தேசத்தைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். விட்கன்ஸ்டைனின் மாணவி. முந்தின வருஷம் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது, ஹிரோஷிமாவைச் சொல்லி எழுந்து நின்று எதிர்த்தவர். அவர் புத்தகத்தில் ஒருவன் பட்டியலோடு கடைக்குப் போகிறான். ஒரு துப்பறிபவன் பின்தொடர்ந்து, அவன் வாங்குவதையெல்லாம் குறித்துக்கொள்கிறான். கடைசியில் இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கூடையும் பட்டியலும் ஒத்துப்போகாதபோது, வாங்குபவன் விஷயத்தில் தப்பு கூடையில். துப்பறிபவன் விஷயத்தில் தப்பு பட்டியலில். அடுத்து என்ன சொல் வரும் என்று, மனிதர்கள் எழுதியதிலிருந்து கற்று ஊகிக்கும் இயந்திரத்தின் ஆதாரப் பயிற்சி துப்பறிபவனின் நோட்டுப்புத்தகம். எத்தனை தடித்தாலும் அது மளிகைப் பட்டியல் ஆகாது. பிறகு மனிதர்களின் விருப்பு வெறுப்பை வைத்து அதைப் பண்படுத்துகிறார்கள், இலக்கு கொடுத்து வேலைகளை வரிசையாகச் செய்யவிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அங்கே பேச விஷயம் உண்டு. அந்த வரிசையை அது பிடித்துக்கொண்டிருக்கிறதா, காரணமில்லாமல் பாதியில் நழுவவிடுகிறதா, முடிக்காததை முடித்ததாகச் சொல்கிறதா என்று கோஹன், லெவெக்கின் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். நண்பர் அதைப் பார்க்கவில்லை. நான்கு வரி கவிதையைப் பார்த்தார், சொக்கிப்போனார்.

நமக்கு இது புதிய பிரச்சினையும் அல்ல. வாக்கியத்தின் பொருளை அறியப் பேசுபவனின் தாத்பரியம் தெரியவேண்டும் என்றார்கள் நையாயிகர்கள். ‘சைந்தவம் கொண்டுவா’ என்றால் சாப்பாட்டு நேரத்தில் உப்பு, புறப்படும் நேரத்தில் குதிரை. அப்படியானால் கிளி பேசினால்? கிளியின் வாக்கியம் நமக்குப் புரிகிறது. கிளிக்குத் தாத்பரியம் இல்லை. பிற்கால நியாய நூல்களில் இதற்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று, கிளியைப் பழக்கியவனுடைய தாத்பரியத்தைக் கொள் என்பது. ஆங்கிலத்தில் 2021-இல் நான்கு பேர் இந்த இயந்திரங்களைக் கிளி என்று அழைத்து எழுதியதும் எல்லோரும் கிளி கிளி என்றார்கள். பழக்கியவனைப் பற்றிய கேள்வி நம் பரணில் தூசி படிந்து கிடந்தது.

‘ஏஜெண்ட்’ என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இரண்டு ஆட்களைக் குறிக்கும். தானே செய்பவன் ஒருவன். இன்னொருவருக்காகச் செய்பவன் மற்றவன். நம்முடைய கலைச்சொல்காரர்கள் ‘முகவர்’ என்று எழுதுகிறார்கள். படித்தவுடன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் முகம்தான் எனக்கு வருகிறது. அது தவறில்லை, அதுதான் சரி என்றுகூடச் சொல்வேன். தர்க்கவியலாளர் பேசுவது கர்த்தாவை. கம்பெனி விற்பது முகவரை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால், முகவரை வாங்கியவன் கர்த்தாவை வாங்கியதாக நினைக்கிறான். பொறுப்பு கேட்கும்போது விற்றவன், ‘அதுவே முடிவெடுத்தது’ என்கிறான்.

தமிழில் இதைப் பிடிக்க நன்னூல் போதும். மூன்றாம் வேற்றுமைக்கு உருபு ‘ஆல்’. பொருள் கருவியாகவும் இருக்கலாம், கருத்தாவாகவும் இருக்கலாம். கருத்தாவிலும் ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று இரண்டு. அரசனால் கட்டப்பட்ட கோயில், கொத்தனால் கட்டப்பட்ட கோயில், கரண்டியால் பூசப்பட்ட சுவர். உருபு ஒன்று, ஆள் வேறு. மூன்றாவதில் ஆளே இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கி மறந்த விஷயம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் கடன் விண்ணப்பங்களை இப்போது ஒரு மென்பொருள் பார்க்கிறது. போன மாதம் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாளின் விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘சிஸ்டத்தால் நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. மேலதிகாரி அதையே வாயால் சொன்னார்: “சிஸ்டம் எடுக்கலைம்மா.” அந்த அம்மாள் கேட்டாள்: “அதுக்கு எம்மேல என்ன கோவம் சார்?”

இது அறியாமையால் கேட்ட கேள்வி என்று அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு, அந்த வாக்கியத்தின் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று பட்டது. ‘ஆல்’ என்று எழுதி, கருத்தாவின் நாற்காலியில் சிஸ்டத்தை உட்காரவைத்துவிட்டீர்கள். அதில் உட்கார்ந்திருப்பவரிடம் காரணம் கேட்பது நியாயம்தானே.

ப்ராட்மனிடம் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அவருடைய புத்தகத்தில் இரண்டு விமானிகள் குண்டு போடுகிறார்கள். ஒருவன் குழந்தைகளைக் கொன்று எதிரியைப் பயமுறுத்தப் போடுகிறான். இன்னொருவன் ஆயுதத் தொழிற்சாலையை அழிக்கப் போடுகிறான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சாவார்கள் என்று அவனுக்கும் தெரியும். வித்தியாசம் என்ன? குழந்தைகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் முதலாமவன் திட்டத்தை மாற்றுவான், இரண்டாமவன் மாற்றமாட்டான். உத்தேசம் தெரிவது முகத்தில் அல்ல, தோற்றால் எதைத் திருத்துகிறான் என்பதில். (இரண்டாமவனுக்கு உத்தேசம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகாது, நண்பர் அங்கே தாவிவிடுவார் என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

இந்தச் சோதனையை அந்த ஒரு வரிக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். நாளைக்குப் பூக்காரிகளுக்கெல்லாம் கடன் கிடைத்துவிட்டால் மென்பொருள் பதறுமா? பதறாது. அதற்கு இன்று நிராகரித்ததும் நாளை கொடுத்ததும் ஒன்றே. வாராக்கடன் ஏறினால் பதறுகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். மதிப்பெண் எல்லையை உயர்த்தச் சொல்லி அங்கிருந்து சுற்றறிக்கை வரும். வழி தேடுவதும், ஒத்துவராததை வடிகட்டுவதும், நடக்கிறதா என்று கண்காணிப்பதும் ஆகிய மூன்று வேலைகளும் அங்கேதான் நடக்கின்றன. அங்கே ஏவுதல் கருத்தா, இங்கே கரண்டி. பூக்காரியைத் துரத்துவது அவர்கள் உத்தேசம் என்றுகூட நான் சொல்லவில்லை. பல் வைத்தியர் உதாரணத்தில் வரும் வலி மாதிரி, அது தெரிந்தே ஏற்றுக்கொண்ட விளைவு. பல் ஒருவருடையது, வலி இன்னொருவருடையது என்பதுதான் வித்தியாசம். இதைத் தெளிவாகச் சொல்லும் வாய்ப்பை அந்தத் தர்க்கம் கொடுக்கிறது. நண்பரின் ‘ஒருவகை உத்தேசம்’ அந்த வாய்ப்பைப் பிடுங்கி, சுற்றறிக்கை எழுதியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கவிதைப் பத்திரிகையில் செய்யும் ஆசாரமான கலைப்பேச்சு, மறுநாள் கவுண்டரில் எந்த வாக்கியமாக வந்து நிற்கிறது என்று அவர் யோசிக்கவேண்டாமா?

தர்க்கவியலாளர்களிடம் எனக்குத் தகராறு உண்டு. அவர்களுடைய சூத்திரத்தில் இலக்கு முதலிலேயே கையில் இருக்கவேண்டும். அடைந்தேனா இல்லையா என்று ஒத்துப்பார்க்க ஒரு வாக்கியம் வேண்டும். கவிதை எழுதுகிறவனிடம் அது இல்லை. திட்டங்கள் பாதியாக இருக்கும், போகப்போக நிரப்பிக்கொள்ளலாம் என்று ப்ராட்மன் இடம் வைக்கிறார். ஊர் நிச்சயம், ரயில் பிறகு. ஆனால் கவிதையில் ஊரே நகர்கிறது. இரண்டாவது வரி வந்ததால் முதல் வரியின் உத்தேசம் மாறிப்போய், மூன்றாவது வரியை அடிக்கிறான். கோஹன், லெவெக்கின் கணக்குப்படி அவன் பிடிப்பில்லாதவன். நடந்தது என்றும் நம்பவில்லை, நடக்காது என்றும் நம்பவில்லை, விட்டுவிட்டான். அப்படியும் அந்த நேரத்தில் அவனைப்போலக் கட்டுண்டவன் ஊரில் வேறு எவனும் இல்லை. எதனால் கட்டுண்டிருக்கிறான்? இன்னும் எழுதாத ஒன்றால். இந்த ‘ஆல்’ என்ன பொருளில் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை; நன்னூலாருக்கும் விளங்கியிருக்காது.

அந்த ஓட்டை வழியாக இயந்திரம் நுழையலாமே என்று நண்பர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அப்போது அவர் எனக்குக் காட்டவேண்டியது அழகாக வந்த நான்கு வரிகளை அல்ல. அடித்த வரியைக் காட்டட்டும். அடித்த காரணம் அதன்பின் வந்த வரிகளைக் கட்டிப்போட்டிருப்பதைக் காட்டட்டும். வேறொருவர் ‘திருத்து’ என்று ஏவாமல் அது நடந்ததைக் காட்டட்டும். காட்டினால் உட்கார்ந்து பேசலாம். எனக்கு ஆட்சேபமில்லை.

ப்ராட்மனின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நண்பர் கேட்டால் தபாலில் அனுப்புகிறேன். கோஹன், லெவெக்கின் கட்டுரை ஜெராக்ஸும் கூட வரும். சூத்திரங்களைத் தாண்டிவிட்டு வாக்கியங்களை மட்டும் படித்தாலும் போதும். புத்தகம் திரும்பி வரவேண்டும். போன முறை கொடுத்த எம்ப்ஸன் இன்னும் வரவில்லை.